இரண்டு ஆண்டுக் கெடுவை நோயாளியிடம் யார் சொல்வது?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் நாள் குறித்த தாள்கள் பல இருக்கும். தையல் பிரிக்க வேண்டிய நாள், மறுபரிசோதனைக்கு வர வேண்டிய நாள், மாத்திரையை நிறுத்த வேண்டிய நாள், குழந்தையாயின் அடுத்த தடுப்பூசி நாள் என ஒவ்வொன்றும் தெளிவாக எழுதித் தரப்படுகிறது. ஒரு கெடுவை மட்டும் பொதுவாக யாரும் எழுதித் தருவதில்லை. சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தது என்று நோயாளியோ குடும்பத்தாரோ கருதினால், நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அவர்களுக்குச் சட்டம் தரும் காலம் இரண்டே ஆண்டு. அது கடந்துவிட்டால், குறை எவ்வளவு பெரிதாயினும் அதை விசாரிக்கவே வழியில்லாமல் போகலாம்.

இந்தக் கெடுவை நோயாளிக்கு அறிவிப்பது மருத்துவமனையின் கடமை என்பதே என் கருத்து. மருத்துவமனை தன் நோயாளிகளுக்காக நடத்தும் இதழில், மருத்துவமனை மீது வழக்குத் தொடுக்கும் காலவரம்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் எழுத வேண்டிய இடம் இதுவே. நீதிமன்ற வாசலில் இதை எழுதி வைத்தால், அங்கே வந்து படிப்பவர் ஏற்கெனவே வழக்கறிஞரை அமர்த்தியவராக இருப்பார். அறிய வேண்டியவர்கள் இங்கே, படுக்கையருகிலும் மருந்தக வரிசையிலும் இருக்கிறார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் காலவரம்பு ஏதும் இல்லை. 1993ஆம் ஆண்டுத் திருத்தமே அதைச் சேர்த்தது. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவமும் இச்சட்டத்தின்படி ‘சேவை’யே என்று, இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் பெருமளவில் நுகர்வோர் மன்றங்களுக்கு வரத் தொடங்கின. 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் மருத்துவச் சேவை அடங்கும் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

புதிய சட்டத்தின் 69ஆம் பிரிவு, வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. வழக்குமூலம் என்பது, முறையிடும் உரிமை ஒருவருக்கு எதனால் பிறக்கிறதோ அந்த நிகழ்வு. தாமதத்துக்குப் போதிய காரணம் இருப்பதாக ஆணையம் மனநிறைவு கொண்டால் இரண்டு ஆண்டுக்குப் பின்னும் ஏற்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை ஆணையம் எழுத்தில் பதிய வேண்டும். அது ஆணையத்தின் விருப்புரிமை. நோயாளி உரிமையாகக் கோரிப் பெறக்கூடியது அன்று.

இதில் பலர் அறியாத செய்திகள் இரண்டு உண்டு. முதலாவது, காலம் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடாவிட்டாலும் ஆணையம் தானாகவே அதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியுள்ளது. மருத்துவமனை பெருந்தன்மையுடன் பேசாதிருந்தாலும் கெடு கெடுதான். இரண்டாவது, மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுவதாலும் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புவதாலும் கெடு நின்றுவிடாது. ‘மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறோம், பார்க்கலாம் என்றார்கள்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு ஆண்டுகளிலிருந்தே கழிகிறது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அறுவை நடந்த நாளிலிருந்தா, அதில் தவறு நேர்ந்தது தெரியவந்த நாளிலிருந்தா? இரண்டு ஆண்டு என்பது எளிய எண்ணாகத் தோன்றினாலும், சிக்கல் இந்தக் கேள்வியில்தான் உள்ளது. இதற்கு இந்தியாவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வழக்கு, கோவாவில் செவிலியராகப் பணியாற்றிய ஒரு பெண்ணின் வழக்கு.

அவருக்கு 1993 நவம்பரில் மும்பையில் பித்தப்பைக் கற்களுக்காக அறுவை நடந்தது. வீடு திரும்பிய பின்னும் வயிற்று வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வலி நிவாரணிகளால் அதை அடக்கிக்கொண்டே அவர் ஆண்டுகளைக் கடத்தினார். 2002இல் வலி மிகுந்து பரிசோதித்தபோது வயிற்றில் கட்டி ஒன்று தென்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மும்பையிலேயே வேறொரு மருத்துவமனையில் அதை அறுத்தெடுத்தபோது, உள்ளே இருந்தது அறுவையில் பயன்படுத்தும் துணி எனத் தெரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 2004 அக்டோபரில், அவர் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டார்.

துணி இருப்பது தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் அவர் கெடுவுக்குள் வந்திருந்தார். முதல் அறுவையிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் கடந்திருந்தன. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு பொது விதியைச் சொன்னது. கவனக்குறைவின் விளைவு உடனே வெளிப்படையாகத் தெரிந்தால் அந்த நாளிலிருந்து காலம் எண்ணப்படும். விளைவு உடலுக்குள் மறைந்திருந்தால், நோயாளி அதைக் கண்டறிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான அக்கறையுடன் முயன்றிருந்தால் கண்டறிந்திருக்கக் கூடிய நாளிலிருந்து எண்ணப்படும்.

விதி அவருக்குச் சாதகமாகத் தோன்றுகிறது. தீர்ப்போ சாதகமாக இல்லை. அறுவைக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் வலி இருந்தும், மருத்துவத் துறையிலேயே அனுபவம் மிக்க அவர் அறுவை செய்த மருத்துவரை ஒருமுறையும் அணுகிக் கேட்கவில்லை. சாதாரண அறிவுடைய எவரும் அப்படி இருந்திருக்க மாட்டார் என்று நீதிமன்றம் கருதியது. முறையீடு காலங்கடந்தது எனத் தள்ளுபடியாயிற்று. துணி உள்ளே இருந்தது எவருடைய தவறு என்பதை விசாரிக்கும் கட்டத்தையே அவ்வழக்கு எட்டவில்லை.

இத்தீர்ப்பில் சட்டப்படி குறை காண்பது எளிதன்று. ஆயினும் அதன் அடியில் இருக்கும் எதிர்பார்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் திரும்பிச் சென்று ‘ஏன்’ என்று கேட்பார் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. மருத்துவம் அறிந்த செவிலியரே ஒன்பது ஆண்டுகள் அப்படிக் கேட்கவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கத்து விவசாயக் கூலியும் வெள்ளிமலைக்கு மேலே குடியிருக்கும் மூதாட்டியும் கேட்டிருப்பார்களா?

கெடுவுக்குள் வந்தவர்கள்

நம் மாநிலத்து வழக்கு ஒன்றையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. உரிய காலத்தில் கண்ணைப் பரிசோதித்தால் பார்வையைக் காக்க இயலும். அக்குழந்தைக்கு அப்பரிசோதனை செய்யப்படவுமில்லை. செய்துகொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்படவுமில்லை. குழந்தை நான்கரை மாதமாக இருந்தபோது தடுப்பூசிக்காகப் பார்த்த வேறொரு மருத்துவர் ஐயம் கொண்டதால்தான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் பார்வை போய்விட்டிருந்தது.

பெற்றோர் 1998இல் தேசிய ஆணையத்தில் முறையிட்டனர். ஆணையம் 2009இல் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அது போதாது என மேல்முறையீடு செய்தபோது, 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், கடந்த மருத்துவச் செலவையும் வருங்காலச் சிகிச்சையையும் கணக்கிட்டு, ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய் அளவுக்கு இழப்பீட்டை உயர்த்தியது. வழக்கு முடியும்போது அக்குழந்தைக்குப் பத்தொன்பது வயது நிரம்பும் தறுவாய்.

வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு. தீர்வு கிடைக்கப் பதினேழு ஆண்டு. தொடங்குவோருக்கு மட்டும் கெடுவைக் கண்டிப்பாக வைத்து, முடிப்போருக்கு எல்லை வைக்காத இந்த ஏற்றத்தாழ்வு தனியாகப் பேசத் தக்கது. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றே. அந்தப் பதினேழு ஆண்டும் பயனின்றிப் போகாமல் காத்தது, அக்குடும்பம் காலத்தோடு தாக்கல் செய்த மனுவும் பத்திரமாக வைத்திருந்த தாள்களுமே.

காலவரம்பு தேவையா?

காலவரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுக்கு முன் ஓர் இரவில் தந்த ஊசியைப் பற்றி இன்று ஒரு மருத்துவரையோ செவிலியரையோ கேட்டால் நேர்மையான விடை கிடைப்பது அரிது. நினைவு மங்கும், உடன் பணியாற்றியவர்கள் வேறு ஊர் போயிருப்பார்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாத்தால் போதும். அதன் பிறகு தாள் இல்லாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை மருத்துவருக்கும் நியாயமானதன்று. வழக்கு வரும் வரும் என்ற அச்சத்திலேயே ஒருவர் ஆயுள் முழுவதும் பணியாற்ற இயலாது.

மருத்துவரைக் காக்கும் வேறு வேலிகளையும் சட்டம் இட்டிருக்கிறது. விளைவு மோசமானது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகாது. அத்துறையில் சாதாரணத் திறமையுடைய மருத்துவர் எடுக்கக்கூடிய அக்கறையை இவர் எடுத்தாரா என்பதே கேள்வி. குற்ற வழக்கு என்றால், வேறொரு தகுதிவாய்ந்த மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் பெறாமல் காவல்துறை மேற்செல்லக் கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. இவையெல்லாம் தேவையானவை.

ஆகவே கெடு இருக்கட்டும். அந்தக் கெடு நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கேட்பது. ஒருவருக்குத் தெரியாமலே ஓடி முடியும் காலம் அவருக்கு நியாயமான காலம் ஆகாது.

இரண்டு ஆண்டு எப்படிக் கழிகிறது?

சட்டப் புத்தகத்தில் எழுநூற்று முப்பது நாள். நம் பகுதிக் குடும்பங்களில் அது எப்படிக் கழிகிறது என்பதை வார்டில் நிற்கும் எவரும் அறிவர். முதல் ஆறு மாதம் நோயாளியைப் பார்த்துக்கொள்வதிலேயே போகும். வேறு மருத்துவமனைக்கு, முண்டியம்பாக்கமோ புதுச்சேரியோ சேலமோ, அலைவதில் இன்னும் சில மாதம். வாங்கிய கடனை அடைக்கக் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் வேலைக்கும் செல்ல வேண்டும். கல்வராயன் மலைக் கிராமத்தவருக்கு ஒரு தாளை வாங்கக் கீழே இறங்கி வருவதே ஒரு நாள் கூலி இழப்பு. இறப்பு நேர்ந்த வீடாயின், கருமாதி முடிந்து, ஆண்டுத் திதி வரும்வரை எவரும் அதைப் பற்றிப் பேசவே மனம் கொள்வதில்லை.

இவற்றுக்கு மேல் மனத்தடைகளும் உண்டு. ‘விதி, யாரை நோவது’ என்பது ஒன்று. ‘கைராசிக்காரர், அவர் மேல் பழி போடலாமா’ என்பது இன்னொன்று. ‘கேள்வி கேட்டால் நாளைக்கு நம்மைப் பார்க்க மாட்டார்கள்’ என்ற அச்சம் எல்லாவற்றிலும் வலியது. பக்கத்தில் வேறு மருத்துவமனை இல்லாத ஊரில் இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் தெளிவு பிறந்து வழக்கறிஞரிடம் சென்றால், ‘மூன்று மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா’ என்பது அவருடைய முதல் சொல்லாக இருக்கும்.

இதை அறிந்தும் மருத்துவமனை வாய் திறக்காதிருந்தால், அந்த மௌனத்தின் பயன் மருத்துவமனைக்கே சேர்கிறது. தாளைத் தரத் தாமதிப்பதும், ‘பார்க்கலாம், வாருங்கள்’ என்று நடக்க விடுவதும் கெட்ட எண்ணத்தால் நிகழ்வன என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணம் எதுவாயினும் நோயாளி இழக்கும் காலம் ஒன்றே.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை

மூன்று செயல்களை முன்வைக்கிறேன். இவற்றுக்குப் புதுச் சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

ஒன்று, கேட்காமலே தாள்களைத் தருவது. நோயாளியோ அவர் அதிகாரம் அளித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. கேட்கத் தெரிந்தவருக்கே அது பயன்படுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் தந்து அனுப்பாமல், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், செவிலியர் பதிவு ஆகியவற்றின் நகலையும் சேர்த்துத் தருவது பெரிய சுமையன்று. அடுத்த மருத்துவருக்கும் அவை உதவும்.

இரண்டு, கெடுவை அச்சிடுவது. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில், ‘இச்சிகிச்சை குறித்துக் குறை இருப்பின் எங்கள் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் முறையிடும் காலவரம்பு இரண்டு ஆண்டு. பதிவேடுகள் மூன்று ஆண்டு வரை பாதுகாக்கப்படும்’ என்று மூன்று வரி போதும். படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாய்மொழியாகச் சொல்லலாம்.

மூன்று, தவறு நேர்ந்தால் தாமே சொல்வது. இது கடினமானது. ஆனால் முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தில் 2014 நவம்பர் முதல், சிகிச்சையில் கடும் தீங்கு நேர்ந்தால் அதை நோயாளிக்கோ குடும்பத்துக்கோ வெளிப்படையாகத் தெரிவித்து வருத்தம் கூறுவது தேசிய மருத்துவச் சேவை நிறுவனங்களின் சட்டப்பூர்வக் கடமையாக இருக்கிறது. அந்நாட்டின் 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. தீங்கு நேர்ந்த நாளிலிருந்தோ, நோயாளி அதை அறிந்த நாளிலிருந்தோ, எது பிந்தையதோ அதிலிருந்து எண்ணலாம் என்று சட்டத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ‘அறிந்த நாள்’ என்பது நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. 69ஆம் பிரிவில் இல்லை. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. நோயாளி ‘அறியும் நாளை’ முன்னதாக்குவது நம் கையில் இருக்கிறது.

இப்படிச் செய்தால் வழக்குகள் பெருகும் என்று மருத்துவர்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். விடை கிடைக்காத குடும்பம், கெடு நெருங்குகிறதே என்ற பதற்றத்தில், தாளைப் படிக்காமலே வழக்குத் தொடுக்கும். தாள் கையில் உள்ள குடும்பம் அதை வேறொரு மருத்துவரிடம் காட்டும். ‘இதில் தவறில்லை, நோயின் கடுமை அப்படி’ என்று அவர் சொன்னால் பலர் மன அமைதியுடன் திரும்புவர். தவறு இருந்தால், அது விசாரிக்கப்படுவதே மருத்துவத் தொழிலின் மதிப்புக்கும் நல்லது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு

நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் ஆரம்ப சுகாதார நிலையத்தையும், 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியையும் நம்புபவர்கள். அவர்களுக்கு வழிகள் வேறு, கெடுக்களும் வேறு. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995 தீர்ப்பே கூறுகிறது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமாயின் இலவச நோயாளியும் முறையிடலாம். காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தினாலும் அது சேவையே என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. ஆகவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர், ‘நான் பணம் கட்டவில்லையே’ என்று தாமே முடிவு செய்து ஒதுங்கிவிட வேண்டாம். வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இயலாதவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம் உண்டு. அங்கே இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. உயிரிழப்புக்காகக் குடும்பத்தார் தொடுக்கும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அரசின் மீது வழக்காயின் இரண்டு மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தைப் போலத் தாமதத்தை மன்னிக்கும் வழி இவ்வழக்குகளில் இல்லை. பாதிக்கப்பட்டவர் குழந்தையாயின் பதினெட்டு வயது நிரம்பிய பின் மூன்று ஆண்டு வரை அவர் தாமே வழக்குத் தொடுக்கக் காலவரம்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பதிவேடுகள் அதுவரை இருக்குமா என்பதை நினைத்து, பெற்றோர் அந்தச் சலுகையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மனித உரிமை ஆணையத்துக்குச் செல்வதாயின் கெடு இன்னும் குறுகியது: நிகழ்வு நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு.

உடனே செய்யக் கூடியவை

ஐயம் எழுந்தவுடன் நீதிமன்றம் செல்ல வேண்டும் என்பதில்லை. முதலில் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேளுங்கள். வலியோ வேறு தொல்லையோ தொடர்ந்தால் திரும்பிச் செல்லுங்கள். சென்ற நாளை, சொன்ன விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கோவா வழக்கு கற்பிக்கும் பாடம் அதுவே. திரும்பிச் சென்று கேட்டதற்கு ஒரு வெளிநோயாளிச் சீட்டு இருந்தால்கூட, அக்கறையுடன் முயன்றீர்கள் என்பதற்கு அது சான்றாகும்.

பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். மனுவின் மறுபிரதியில் முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்தில் வராவிட்டால் அந்த மறுபிரதியே உங்களுக்கு ஆதாரம். ரசீது, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள். ஒரு பையில் இட்டு, மழைக்காலத்தில் நனையாத இடத்தில் வையுங்கள்.

பிறகு, வேறொரு மருத்துவரிடம் தாள்களைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். இவ்வளவும் ஓர் ஆண்டுக்குள் முடியட்டும். இரண்டாம் ஆண்டு, முடிவெடுக்கவும் மனு எழுதவும்.

மனு தாக்கல் செய்வது பலர் அஞ்சுவது போலச் செலவு மிக்கதன்று. சிகிச்சைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். சிகிச்சை சென்னையிலோ சேலத்திலோ நடந்திருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். களமருதூர்க்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், மலையாளி முதலிய பழங்குடியினர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கெடு கடந்துவிட்டதாக நினைப்பவர்களும் உடனே மனம் தளர வேண்டாம். நோயாளி படுத்த படுக்கையாக இருந்தது, தீங்கு பின்னரே தெரியவந்தது, மருத்துவமனை தாள்களைத் தராமல் காலம் கடத்தியது போன்ற காரணங்களை ஆதாரத்துடன் எழுதி, தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யலாம். ஏற்பது ஆணையத்தின் முடிவு. ஒரு மாதத் தாமதத்தை விளக்குவதைவிட ஓர் ஆண்டுத் தாமதத்தை விளக்குவது கடினம் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மருத்துவமனையும் நோயாளியும் ஒருவரையொருவர் நம்பியே சிகிச்சை நடக்கிறது. அந்த நம்பிக்கை, குறை சொல்லும் வழியை மறைத்து வைப்பதால் வளராது. ‘எங்கள் சிகிச்சையில் குறை கண்டால் இன்ன இடத்தில், இன்ன காலத்துக்குள் கேளுங்கள்’ என்று சொல்லத் துணியும் மருத்துவமனையிடம்தான் மக்கள் அடுத்த முறையும் அச்சமின்றி வருவார்கள். அந்த மூன்று வரி நம் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் விரைவில் இடம்பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதுவரை, வீடு செல்லும் நாளில் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குவது போலவே பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அதன் மேலுறையில் விடுவிக்கப்பட்ட நாளையும், அதிலிருந்து இரண்டு ஆண்டு நிறையும் நாளையும் எழுதி வையுங்கள்.